கட்ட நீளத்தைக் குறைத்ததும் செறிவின் உச்சம் ஏறிவிடுகிறது: ஆற்று மாடலில் பரவல் குணகத்தை எப்படித் தீர்மானிப்பது?

சுழல்நீர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆற்றில் விழும் மாசு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எவ்வளவு செறிவோடு போய்ச் சேரும் என்பதைக் கணிக்க, ஒரு பரிமாண மாடல் ஒன்றைப் பைத்தானில் எழுதி வருகிறேன். சமன்பாடு வழக்கமானதுதான். நீரோட்டம் அடித்துச் செல்லும் பகுதி ஒன்று, நீளவாக்கில் பரவும் பகுதி ஒன்று, செறிவுக்கு ஏற்ற வேகத்தில் சிதையும் பகுதி ஒன்று. நீரோட்டப் பகுதிக்கு, நீர் வரும் பக்கத்து மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும் முதல்படி அப்விண்ட் முறையையும், பரவலுக்கு மைய வேறுபாட்டு முறையையும், காலத்துக்கு எளிய ஆய்லர் முறையையும் பயன்படுத்துகிறேன்.

ஆற்றின் சராசரி அகலம் 50 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர், வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர், நீர்மட்டச் சரிவு 0.0004. ஆக, விநாடிக்கு 37.5 கன மீட்டர் நீர் ஓடுகிறது. வளைவுகளும் கரையோரப் புதர்களும் நிறைய உண்டு. மாடலைச் சரிபார்க்க, ரோடமின் டபிள்யூ.டி. சாயத்தை இடக்கரையில் ஒரே வீச்சில் ஊற்றி, 2 கி.மீ. கீழே இரு கரைகளிலும், 12 கி.மீ. கீழே நடு ஓட்டத்திலும், சாயத்தின் ஒளிர்வை அளக்கும் ஃபுளூரோமீட்டர் கருவி வைத்து அளந்தோம். 12 கி.மீ.யில் கிடைத்த நேரம்-செறிவு வளைகோட்டின் பரப்பை நீரோட்ட அளவால் பெருக்கியபோது 2 கிலோ வந்தது. சாயத்தில் ஒரு சிறு பங்கு வழியில் படுகையில் ஒட்டியிருக்கலாம் என்பதால், ஊற்றிய அளவை விட்டுவிட்டு இந்த 2 கிலோவையே மாடலுக்குக் கொடுத்தேன்.

சிக்கல் இனிமேல்தான். கட்ட நீளம் (மாடலில் ஆற்றைப் பிரிக்கும் ஒவ்வொரு துண்டின் நீளம்) 200 மீட்டர், காலப்படி 30 விநாடி, பரவல் குணகம் (நீளவாக்கில் பரவும் வேகத்தைக் குறிக்கும் எண்) விநாடிக்கு 15 சதுர மீட்டர் என்று வைத்தால், 12 கி.மீ.யில் உச்சச் செறிவு லிட்டருக்கு 6.2 மைக்ரோகிராம் என்று வருகிறது, அளந்ததும் அதுவே. ஆனால் அகலம், ஆழம், வேகம், சரிவு ஆகியவற்றிலிருந்து குணகத்தை மதிப்பிடும் ஃபிஷரின் சூத்திரம் இந்த ஆற்றுக்குக் குணகம் ஏறத்தாழ 60 இருக்க வேண்டும் என்கிறது. அந்த 60-ஐப் போட்டால் உச்சம் 4.7-க்கு இறங்கிவிடுகிறது. சூத்திரம் பொதுவானது, நம் ஆறு தனியானது என்று எண்ணி 15-ஐயே வைத்துக்கொண்டேன். பிறகு, இன்னும் துல்லியமாக இருக்கட்டும் என்று கட்ட நீளத்தை 50 மீட்டராகக் குறைத்தபோது, வேறு எதையும் மாற்றாமலேயே உச்சம் 10-ஐத் தொட்டது. கட்டத்தை நுணுக்கினால் விடை மேம்பட வேண்டும் அல்லவா? இங்கே அளவீட்டிலிருந்து விலகிப் போகிறதே, ஏன்?

2 கி.மீ. நிலையத்தில் இன்னொரு குழப்பம். மாடல் தரும் சராசரியை விட இடக்கரையில் மொத்தச் சாயம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. வலக்கரையிலோ மூன்றில் ஒரு பங்குதான். எந்தக் குணகத்தைப் போட்டாலும் இது சரியாகவில்லை.

மாடலின் நோக்கம் இரண்டு. சுத்திகரிப்பு நிலையம் ஒன்றிலிருந்து தொடர்ந்து வெளியேறும் நீரின் விளைவை மதிப்பிடுவது ஒன்று. மேலே எங்காவது விபத்தாக ஏதேனும் கொட்டிவிட்டால் கீழே குடிநீர் எடுக்கும் இடத்துக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருவது மற்றொன்று. எந்தக் குணகத்தை வைத்து அறிக்கை எழுதுவது?

கணக்குக்கரை (பதில்)

உங்கள் முதல் கேள்விக்கான விடை நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது. முதல்படி அப்விண்ட் முறை, சமன்பாட்டில் நீங்கள் எழுதாத ஒரு பரவலைத் தானாகவே சேர்த்துவிடும். அந்த முறையை டெய்லர் தொடராக விரித்துப் பார்த்தால், மிஞ்சி நிற்கும் முதல் பிழை உறுப்பு செறிவின் இரண்டாம் வகைக்கெழுவாகத்தான் இருக்கும். அதாவது, பார்வைக்கு அது பரவல் உறுப்பேதான். இப்படிச் சேரும் எண்முறைப் பரவலின் அளவு இது:

எண்முறைப் பரவல் = (வேகம் × கட்ட நீளம் ÷ 2) × (1 − கூரண்ட் எண்)

கூரண்ட் எண் என்பது வேகத்தைக் காலப்படியால் பெருக்கிக் கட்ட நீளத்தால் வகுத்தது. 200 மீட்டர் கட்டத்தில் அது 0.075, எண்முறைப் பரவல் 46.25. நீங்கள் போட்ட 15-ஐச் சேர்த்தால் மாடலுக்குள் உண்மையில் இயங்கிய குணகம் 61.25. ஃபிஷரின் 60-க்கு அருகில் வந்துவிட்டதைக் கவனியுங்கள். நீங்கள் 60-ஐப் போட்டபோது மாடலுக்குள் ஓடியது 106. உச்சம் குணகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பதால் 6.2 நான்கில் மூன்று பங்காகி 4.7 ஆனது. கட்டத்தை 50 மீட்டராக்கியபோது கூரண்ட் எண் 0.3, எண்முறைப் பரவல் வெறும் 8.75, மொத்தம் 23.75, உச்சம் 1.6 மடங்காகி 10-க்கு ஏறியது. நீங்கள் சொன்ன மூன்று விடைகளும் ஒரே கணக்கில் அடங்குகின்றன. ஆகவே கட்டத்தை நுணுக்கியதால் மாடல் கெடவில்லை. கட்டம் சேர்த்துக்கொண்டிருந்த பரவல் விலகியதும், 15 என்பது இந்த ஆற்றுக்குப் போதாது என்று வெளியே தெரிந்தது.

இதைச் சூத்திரம் இல்லாமலும் சோதிக்கலாம். சிதைவையும் பரவலையும் பூஜ்யமாக்கி, ஒரு குறுகிய சாயத் துடிப்பை மட்டும் ஓடவிடுங்கள். சமன்பாட்டின்படி அது வடிவம் மாறாமல் 12 கி.மீ. போய்ச் சேர வேண்டும். உங்கள் 200 மீட்டர் கட்டத்தில் அது ஏறத்தாழ 1.5 கி.மீ. திட்டவிலக்கம் கொண்ட அகன்ற மேடாகப் போய்ச் சேரும். திட்டவிலக்கத்தின் வர்க்கம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்த்து அதில் பாதியை எடுத்தால் எண்முறைப் பரவல் கையில் கிடைத்துவிடும். பிறர் எழுதிய மென்பொருளைப் பயன்படுத்துவோரும் இதை முதலில் செய்து பார்ப்பது நல்லது. உள்ளே எந்த முறை ஓடுகிறது என்று கையேட்டில் தேடுவதை விட இது விரைவாக முடியும்.

இரண்டும் கூடி 61 வருகிறதே, அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றலாம். விடக் கூடாது. எண்முறைப் பரவல் வேகத்தோடு சேர்ந்து மாறும். கோடையில் வேகம் 0.2-க்கு இறங்கினால் அது 19 ஆகிவிடும். வெள்ளத்தில் வேகம் 1 மீட்டரானால் 85-க்கு ஏறிவிடும். ஆற்றின் உண்மையான குணகம் அகலம், ஆழம், வேகம் மூன்றும் சேர்ந்து மாறுவது போல்தான் மாறும். உங்கள் கட்டத்துக்கு அது கட்டுப்படாது. ஒரு நாள் அளவீட்டில் இரண்டும் ஒத்துப்போனதற்காக இன்னொரு நாள் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வழியில்லை.

சரிசெய்யும் வழி எளிது. நீரோட்டப் பகுதிக்கு உயர்படி முறை ஒன்றுக்கு மாறுங்கள். லெனார்டு 1979-இல் தந்த குயிக்கெஸ்ட் முறை இந்த வேலைக்கென்றே உருவானது. அல்லது இடத்துக்கு மைய வேறுபாடும் காலத்துக்குக் கிராங்க்-நிகல்சன் முறையும் போதும். மைய வேறுபாட்டில் கட்டத்துக்கான பெக்லே எண் (வேகம் × கட்ட நீளம் ÷ பரவல் குணகம்) 2-க்குள் இருந்தால் அலைவுகள் தலைகாட்டா. குணகம் 60, வேகம் 0.5 எனில் கட்ட நீளம் 240 மீட்டர் வரை போகலாம். அதாவது உங்கள் 200 மீட்டர் கட்டம் தன்னளவில் குற்றமற்றது. அப்விண்ட் முறையோடு சேர்ந்தபோதுதான் கெடுத்தது.

படுகை (பதில்)

மேலே உள்ள பதில் கணிதத்தைத் தீர்த்துவிட்டது. 2 கி.மீ. நிலையத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் அந்தக் கோளாறு எந்த எண்முறையாலும் தீராது.

ஒரு பரிமாண மாடல் என்றால், குறுக்குவெட்டு முழுவதும் செறிவு சமமாக இருக்கிறது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று பொருள். ஆற்றில் அந்த நிலை வருவதற்குத் தூரம் தேவை. உராய்வு வேகத்தை முதலில் கணக்கிடுங்கள்: புவியீர்ப்பு முடுக்கம், ஆழம், சரிவு மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் விநாடிக்கு 0.077 மீட்டர். ஆழத்தின் திசையில் கொந்தளிப்பால் கலக்கும் குணகம் ஆழம் × உராய்வு வேகத்தின் 0.067 மடங்கு, அதன்படி மேலிருந்து கீழ் வரை கலக்க இரண்டு நிமிடங்கூட ஆகாது, 60 மீட்டருக்குள் முடிந்துவிடும். குறுக்கு வாக்கில் கதை வேறு. வளைவும் மேடு பள்ளமும் உள்ள இயற்கை ஆறுகளுக்குக் குறுக்குக் கலப்புக் குணகம் ஆழம் × உராய்வு வேகத்தின் 0.6 மடங்கு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நேரான, சீரான கால்வாயில் அது 0.15 மடங்கு அளவுக்குக் குறையும். உங்கள் ஆற்றுக்கு 0.6-ஐ வைத்தால் விநாடிக்கு 0.069 சதுர மீட்டர். கரையில் விட்ட பொருள் ஆற்றின் முழு அகலத்துக்கும் கலக்க வேண்டிய தூரம் இது:

கலப்புத் தூரம் = 0.4 × வேகம் × அகலத்தின் வர்க்கம் ÷ குறுக்குக் கலப்புக் குணகம்

விடை 7.2 கி.மீ. இதே சாயத்தை நடு ஆற்றில் விட்டிருந்தால் 0.4-க்குப் பதில் 0.1, 1.8 கி.மீ.யில் வேலை முடிந்திருக்கும். அகலம் வர்க்கமாக வருவதால் கரைக்கும் நடுவுக்கும் நான்கு மடங்கு வேறுபாடு. கழிவுநீர்க் குழாயைக் கரையோடு நிறுத்தாமல் நடு ஓட்டம் வரை இழுத்துச் சென்று பல துளைகள் வழியே விடுவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது உங்கள் 2 கி.மீ. நிலையம். அங்கே போய்ச் சேர 4,000 விநாடி. அதற்குள் சாயம் குறுக்கே பரவிய திட்டவிலக்கம் ஏறத்தாழ 23.5 மீட்டர், அதாவது அகலத்தில் பாதிகூட இல்லை. கரைகளில் மோதித் திரும்புவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், வளைகோட்டின் பரப்பு இடக்கரையில் சராசரியைப் போல் 1.7 மடங்கும், வலக்கரையில் 0.35 மடங்கும் வர வேண்டும். நீங்கள் அளந்ததும் அதுவே. உங்கள் கருவி சரியாகத்தான் அளந்திருக்கிறது; மாடல் பதில் சொல்ல உரிமையில்லாத இடத்தில் அதனிடம் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அந்த முதல் 7 கி.மீ.க்கு ஆழச் சராசரி எடுத்த இரு பரிமாண மாடலோ, குறைந்தபட்சம் மேலே நான் போட்ட மாதிரியான கைக்கணக்கோ வேண்டும்.

நீள்வாட்டப் பரவல் குணகம் ஏன் இவ்வளவு பெரியது என்பதையும் இதோடு சேர்த்தே புரிந்துகொள்ளலாம். தண்ணீரில் மூலக்கூறு விரவல் விநாடிக்கு ஒரு சதுர மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். ஆற்றில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. குறுகிய குழாயில் ஓடும் திரவத்தில், நடுவில் விரைவாகவும் சுவரோரம் மெதுவாகவும் ஓட்டம் இருப்பதே கரைசலை நீளவாக்கில் இழுத்துப் பரப்புகிறது என்று ஜி.ஐ. டெய்லர் 1953-இல் காட்டினார். எல்டர் 1959-இல் அதே கருத்தை அகலமான கால்வாய்க்குக் கொண்டுவந்தார். ஆழத்தோடு வேகம் மாறுவதை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அவர் சூத்திரம், ஆழம் × உராய்வு வேகத்தின் 5.93 மடங்கு, உங்கள் ஆற்றுக்கு 0.68 என்றுதான் தரும். உண்மை ஆறுகளில் அளந்தவை இதைவிட மிகப் பெரியவை. ஆற்றில் கரைக்கும் நடுவுக்கும் உள்ள வேக வேறுபாடுதான் முதன்மையானது என்று ஃபிஷர் 1967-இல் விளக்கிய பிறகே அந்த இடைவெளி புரிந்தது. அவருடைய எளிய சூத்திரம் இப்படி அமையும்: 0.011 × வேகத்தின் வர்க்கம் × அகலத்தின் வர்க்கம் ÷ (ஆழம் × உராய்வு வேகம்). விடை 60. எல்டரின் விடையைப் போல் ஏறக்குறைய 90 மடங்கு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குறுக்குக் கலப்பு வலுவாக இருந்தால் நீள்வாட்டப் பரவல் குறையும். கரையோரத்தில் தங்கிய துளியும் நடுவில் ஓடிய துளியும் அடிக்கடி இடம் மாறிக்கொண்டால், நீளவாக்கில் ஒன்றையொன்று விட்டு அதிக தூரம் பிரிய முடியாது அல்லவா? குறுக்குக் கலப்பு முடிவதற்கு முன்னால், உங்கள் ஆற்றில் 7 கி.மீ.க்குள், ஒரே குணகம் என்று ஒன்று இருக்கவே முடியாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 60-உம் 61-உம் ஒத்துப்போனதைக் கண்டு மகிழ வேண்டாம். ஃபிஷரின் சூத்திரம் சில மடங்கு வரை தவறக்கூடியது. இவ்வளவு நெருக்கம் தற்செயல். சூத்திரம் தொடக்க மதிப்புக்கு மட்டும். உண்மை மதிப்பு வேண்டுமானால் 8 கி.மீ.யிலும் 12 கி.மீ.யிலும், இரண்டும் கலப்புத் தூரத்துக்கு அப்பால், வளைகோடுகளை அளந்து, இரண்டின் காலத் திட்டவிலக்கங்களின் வர்க்கங்களுக்கு இடையேயான வேறுபாட்டை இரண்டின் சராசரிக் கால வேறுபாட்டால் வகுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்குங்கள். ஊற்றிய இடத்தில் நடந்த குளறுபடிகள் எல்லாம் இரண்டிலும் பொதுவாக இருப்பதால் கழிந்துவிடும்.

சுழல்நீர்

இருவருக்கும் மிக்க நன்றி. கிராங்க்-நிகல்சன் முறைக்கு மாற்றிவிட்டேன். பூஜ்யப் பரவல் சோதனையைப் பழைய நிரலில் ஓட்டிப் பார்த்தபோது, சொன்னபடியே ஒன்றரைக் கி.மீ. திட்டவிலக்கம் வந்தது. புதிய நிரலில் குணகம் 60 என்று வைத்தால், 50 மீட்டர் கட்டத்திலும் 200 மீட்டர் கட்டத்திலும் உச்சம் ஏறத்தாழ ஒன்றாகவே வருகிறது.

இருந்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. வளைகோட்டின் ஏறுமுகமும் உச்சமும் பொருந்துகின்றன, இறங்குமுகம் பொருந்தவில்லை. உச்சம் கடந்து 4 மணி நேரத்துக்குப் பிறகு மாடல் லிட்டருக்கு 0.02 மைக்ரோகிராம் என்கிறது. கருவி இன்னும் 0.2 காட்டிக்கொண்டிருந்தது. குணகத்தைக் கூட்டினால் வால் நீள்கிறது, ஆனால் உச்சம் விழுந்துவிடுகிறது. இது கருவியின் பிழையா, ஆற்றின் இயல்பா?

நாணல் (பதில்)

இரண்டுமாக இருக்கலாம், கருவியை முதலில் விலக்கிவிட்டுப் பிறகு ஆற்றைப் பார்ப்போம்.

சாயம் வந்து சேர்வதற்கு முன் அதே இடத்தில் கருவி காட்டிய பின்னணி அளவு என்ன? கலங்கலும், நீரில் கரைந்துள்ள இயற்கைக் கரிமப் பொருள்களும் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமின் சில பத்தில் பங்குகள் வரை பொய்யாகக் காட்டக்கூடும். சாயம் வருமுன் எடுத்த அளவைக் கழித்த பிறகும் வால் நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்தது வெப்பநிலை. ரோடமினின் ஒளிர்வு, நீர் ஒரு டிகிரி சூடானால் 2 முதல் 3 விழுக்காடு குறையும். உச்சம் பிற்பகலிலும் வால் இரவிலும் வந்திருந்தால், குளிர்ந்த நீர் வாலைச் சற்று உயர்த்திக் காட்டும். ஆனால் அது சில விழுக்காடு அளவுக்கான விளக்கம். பத்து மடங்குக்கு அது போதாது.

பின்னணியைக் கழித்தும் வால் நின்றால், அது ஆற்றினுடையதுதான். நீங்களே புதர் என்று எழுதியிருக்கிறீர்கள். புதர்களுக்குள்ளும், வளைவுகளின் உட்புறத்தில் சுழன்று நிற்கும் மடுக்களிலும், படுகைக் கூழாங்கற்களுக்கு இடையிலும் சாயக் கலவையின் ஒரு பகுதி நுழைந்து, முதன்மை ஓட்டத்தில் சாயம் கடந்துபோன பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வரும். சாய மேகம் கடந்து வெகு நேரத்துக்குப் பிறகும் நாணலுக்கு இடையே தேங்கிய நீர் இளஞ்சிவப்பாக நிற்பதைச் சாயச் சோதனை செய்தவர்கள் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். டெய்லர்-ஃபிஷர் கொள்கையின்படி வளைகோடு தூரம் செல்லச் செல்லச் சமச்சீராக வேண்டும். அளவீடுகளில் அந்தச் சாய்வு எளிதில் மறைவதில்லை.

இதற்குப் பென்கலாவும் வால்ட்டர்ஸும் 1983-இல் தந்த தற்காலிகத் தேக்க மாடல் பொருத்தமானது. ஓடும் நீருக்கு ஒரு சமன்பாடு, தேங்கும் நீருக்கு ஒரு சமன்பாடு, இரண்டுக்கும் இடையே செறிவு வேறுபாட்டுக்கு ஏற்ற பரிமாற்றம். புதிதாக இரண்டு எண்கள் மட்டுமே வரும்: பரிமாற்ற விகிதமும், தேக்கப் பகுதியின் குறுக்குவெட்டுப் பரப்பும். தேக்கப் பரப்பு முதன்மைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு, பரிமாற்ற விகிதம் விநாடிக்கு ஒரு லட்சத்தில் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். தேக்கத்துக்குள் போன துளி அங்கே சராசரியாக 10,000 விநாடி, அதாவது 2.8 மணி நேரம் தங்கும் என்று அதற்குப் பொருள். உங்கள் 12 கி.மீ. பயணத்தில் சாயத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒருமுறையாவது உள்ளே போய்த் திரும்பியிருக்கும். உச்சத்துக்கு 4 மணி நேரத்துக்குப் பின் 0.2, 0.3 என்ற அளவில் வால் நிற்பதற்கு அது போதும்.

பரிமாற்ற விகிதத்தைப் பத்து மடங்காக்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்: வால் மறைந்து, வளைகோடு முழுவதுமே சற்று அகன்று போகும். துளிகள் பலமுறை உள்ளே போய் வந்துவிட்டால் தேக்கமும் சாதாரணப் பரவல் போலவே நடந்துகொள்ளும். அப்போது இரண்டையும் அளவீட்டிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. உங்களுக்குத் தனி வால் தெரிவதால் பிரிக்க வாய்ப்பு இருக்கிறது. தேக்கத்தைச் சேர்த்ததும் உச்சம் இறங்கும். அதை ஈடுகட்டப் பரவல் குணகம் 60-லிருந்து குறைந்துதான் ஆக வேண்டும். ஒத்துப்போன 60 கைவிட்டுப் போகிறதே என்று வருந்த வேண்டியதில்லை. அந்த 60-க்குள் தேக்கத்தின் பங்கும் இதுவரை ஒளிந்திருந்தது.

மதகு (பதில்)

தாமதமாக வருகிறேன். எல்லோரும் குணகத்தைச் சுற்றியே வருகிறோம். கேள்வியாளர் சொன்ன இரு நோக்கங்களில் முதலாவதற்கு அந்தக் குணகம் ஏறக்குறைய தேவையே இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

தொடர்ந்து ஒரே அளவில் கழிவுநீர் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் நீரிலும் பின்னால் வரும் நீரிலும் ஒரே செறிவு. நீளவாக்கில் எதை எதோடு கலந்தாலும் மாற்றம் இல்லை. சிதைவு விகிதத்தைக் குணகத்தால் பெருக்கி வேகத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்தான் இதற்கு அளவுகோல். நாளொன்றுக்கு 0.3 என்ற சிதைவு விகிதத்துக்கு அது 0.0008. குணகத்தை இரட்டித்தாலும் விடையில் ஒன்றும் தெரியாது. 1925-இல் ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் ஓஹியோ ஆற்றின் ஆக்சிஜன் கணக்கை நீள்வாட்டப் பரவலே இல்லாமல் போட்டு, அது இன்றுவரை பயன்படுவதற்குக் காரணமும் இதுவே. கடல் ஏற்றவற்றம் முன்னும் பின்னும் இழுக்கும் கழிமுகத்தில் நிகர வேகம் மிகக் குறைவு. அங்கே இந்த வாதம் செல்லாது.

உங்கள் ஆற்றில் 12 கி.மீ. கடக்க 6.7 மணி நேரம், அதற்குள் 0.3 என்ற விகிதத்தில் 8 விழுக்காடுதான் சிதையும். ஆகவே தொடர் வெளியேற்றத்துக்கு முதன்மையானது நீர்த்தல் விகிதமும், அதைவிடக் குறுக்குக் கலப்பும்தான். குடிநீர் எடுக்கும் இடம் அதே கரையில் 7 கி.மீ.க்குள் இருந்தால், ஒரு பரிமாண மாடல் காட்டும் சராசரியை அறிக்கையில் எழுதுவது ஆபத்து. அங்கே உள்ளதைக் குறைத்துக் காட்டுகிறோம். 2 கி.மீ.யில் இடக்கரை 1.7 மடங்கு என்று உங்கள் சாயமே சொல்லிவிட்டது.

இரவில் அதிகம், பகலில் குறைவு என்று 24 மணி நேரச் சுழற்சியில் கழிவு மாறினாலும் பரவல் அதைத் தணிக்கும் என்று நம்ப வேண்டாம். குணகம் 60 இருந்தாலும் 12 கி.மீ.யில் அந்த ஏற்றத்தாழ்வு 3 விழுக்காடுதான் குறையும். 4 மணி நேரச் சுழற்சியாக இருந்தால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். காலத்தின் வர்க்கம் அடுக்கில் வருவதால் இந்தப் பெரிய வேறுபாடு. நாளுக்கு ஒருமுறை எடுக்கும் மாதிரியை வைத்துச் சராசரி கூறுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது நோக்கமான விபத்து எச்சரிக்கைக்குத்தான் இங்கே பேசியதெல்லாம் முழுமையாகத் தேவை. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே சாண்டோஸ் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் கிடங்கு எரிந்து, தீயணைத்த நீரோடு பூச்சிக்கொல்லிகள் ரைன் ஆற்றில் கலந்த பிறகு, அந்த ஆற்றுக்கென்று உருவான எச்சரிக்கை மாடலும் ஒரு பரிமாண மாடல்தான். சாயச் சோதனைகளைக் கொண்டு அதைப் பகுதி பகுதியாகப் பொருத்தினார்கள். எச்சரிக்கைக்கு மூன்று எண்கள் வேண்டும்: மாசின் முன்விளிம்பு எப்போது வரும், உச்சம் எவ்வளவு, எப்போது மீண்டும் நீரை எடுக்கலாம். முதல் இரண்டுக்கும் குணகம். மூன்றாவதற்கு நாணல் சொன்ன தேக்கம். தேக்கமில்லாத உங்கள் மாடல், குடிநீர் வாயைச் சில மணி நேரம் முன்னதாகத் திறக்கச் சொல்லியிருக்கும்.

கடைசியாக, சாயம் தண்ணீரோடு ஓடும். எல்லா மாசும் அப்படி ஓடாது. வண்டலோடு ஒட்டும் உலோகம் ஒன்றின் பகிர்வுக் குணகம் (வண்டலில் ஒட்டியதற்கும் நீரில் கரைந்ததற்கும் உள்ள விகிதம்) கிலோவுக்கு ஒரு லட்சம் லிட்டர் என்றும், நீரில் மிதக்கும் வண்டல் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்றும் வைத்தால், ஆறில் ஒரு பங்கு மட்டுமே கரைந்த நிலையில் இருக்கும். மீதி ஐந்து பங்கும் வண்டல் படியும் இடத்தில் படிந்து, அடுத்த வெள்ளத்தில் கிளம்பும். அதற்குச் சாயச் சோதனையில் பொருத்திய எந்தக் குணகமும் உதவாது. படிதல், அரிப்பு இரண்டையும் தனியாக எழுத வேண்டும்.

சுழல்நீர்

மீண்டும் நன்றி. பின்னணி அளவு 0.05 என்று பதிவில் இருக்கிறது. கழித்த பிறகும் வால் நிற்கிறது. தேக்கச் சமன்பாட்டைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அறிக்கையை இரண்டாகப் பிரிக்கப் போகிறேன். தொடர் வெளியேற்றத்துக்கு முதல் 7 கி.மீ. வரை இரு கரைகளுக்கும் தனித்தனி மதிப்பு. விபத்துக்குத் தேக்கத்தோடு கூடிய ஒரு பரிமாண மாடல். குறைந்த நீரோட்டத்தில் இன்னொரு சாயச் சோதனை செய்ய அனுமதி கேட்டிருக்கிறேன். அதில் 8 கி.மீ.யிலும் ஒரு கருவி வைப்போம்.

படுகை

குறைந்த நீரோட்டத்தில் ஆழமும் வேகமும் மாறுவதால் கலப்புத் தூரமும் மாறும். நிலையங்களைக் குறிப்பதற்கு முன் அன்றைய ஆழத்தையும் சரிவையும் வைத்து அதை மறுபடி கணக்கிடுங்கள். 8 கி.மீ. அப்போதும் கலப்புத் தூரத்துக்கு வெளியே இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு கருவியை இறக்குங்கள். ஐயமிருந்தால் சாயத்தை நடு ஓட்டத்தில் ஊற்றுங்கள்.